சூனியம் வச்ச பாட்டு: ஒரே பாட்டை பத்து பேர் பாடியிருந்தா எப்படி உக்காந்து கேக்கறது

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை ஹால்ல ஸ்பீக்கர்ல ஒரு பாட்டு ஓடிட்டு இருந்துச்சு, முடியற நேரத்துல கிச்சன்ல இருந்து அம்மா கரண்டியோட எட்டிப் பாத்து "ஏன்டா, யாருக்குடா வாந்தி வருது"ன்னு கேட்டாங்க. சத்தியமா அவங்க மேல தப்பில்ல. அமெரிக்கப் பாடகர் ஸ்க்ரீமிங் ஜே ஹாக்கின்ஸ் 1956-ல பாடின ‘ஐ புட் எ ஸ்பெல் ஆன் யூ’ (உனக்கு மந்திரம் வச்சுட்டேன்னு அர்த்தம்) அப்படித்தான் முடியும், உறுமல், முனகல், குமட்டற மாதிரி ஒண்ணு, நடுவுல பேய்ச்சிரிப்பு, வார்த்தையே இருக்காது. அடுத்ததா அதே பாட்டு அமெரிக்கப் பாடகி நீனா சிமோன் குரல்ல ஓடுச்சு. அம்மா அடுப்பை சிம்ல வச்சுட்டு வந்து சோபாவுல உக்காந்துட்டாங்க. ரெண்டும் ஒரே பாட்டு, ஒரே வரிகள்னு சொன்னேன், நம்பல.

அந்த நம்பாத முகத்துக்காகத்தான் இதை டைப் பண்றேன். ஒரே பாட்டோட வேற வேற வெர்ஷனை கேக்கறதுக்கு ஒரு முறை இருக்கு, சும்மா ப்ளேலிஸ்ட்ல வரிசையா ஓட விட்டா மூணாவது பாட்டுலயே போரடிச்சு ஸ்கிப் அடிச்சுடுவீங்க. நான் எப்படி கேக்கறேன்னு சொல்றேன், உங்களுக்கு சரிப்பட்டா எடுத்துக்கோங்க.

முதல் வேலை சரியான ஒரிஜினலைப் பிடிக்கறது. இது கேக்க சுலபமா இருக்கும் ஆனா இங்கதான் பாதி பேர் கவுந்துடறாங்க, ஏன்னா ஹாக்கின்ஸ் இந்தப் பாட்டை அவரே பல தடவை திரும்பத் திரும்ப பாடி ரெக்கார்ட் பண்ணியிருக்கார், 1979-ல ரோலிங் ஸ்டோன்ஸ் கீத் ரிச்சர்ட்ஸ் கிட்டார் வாசிச்ச ஒரு வெர்ஷன் கூட இருக்கு, ஆப்ல தேடினா எல்லாமே அதே பேர்ல அதே ஆள் போட்டோவோட வந்து நிக்கும். ஆல்பத்துல போட்டிருக்கற வருஷத்தை நம்பாதீங்க, அது பெரும்பாலும் தொகுப்பு ஆல்பம் வந்த வருஷமா இருக்கும். நமக்கு வேண்டியது ஓகே ரெக்கார்ட்ஸ்ங்கற லேபிள்ல, அதாவது ரெக்கார்ட் கம்பெனியில, வந்தது, 1956 செப்டம்பர்ல நியூயார்க்ல பதிவானது, ரெண்டரை நிமிஷத்துக்குள்ள முடிஞ்சுடும். நாலு நிமிஷம் ஓடுதா, ஸ்டீரியோல டிரம்ஸ் பளபளன்னு கேக்குதா, அது பின்னாடி பாடினது. அதுலயும் ஒண்ணும் குத்தம் இல்ல, ஆனா அதுல ஆரம்பிக்காதீங்க.

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி இன்னொண்ணு. போன் ஸ்பீக்கர்ல கேக்காதீங்க ப்ளீஸ். இந்தப் பாட்டோட மொத்த பயமும் அடியில ஓடற சாக்ஸபோன்லதான் இருக்கு, போன் ஸ்பீக்கர் அதை முழுங்கிடும், மிச்சம் இருக்கறது ஒருத்தர் கத்தறது மட்டும்தான். இருநூறு ரூபா இயர்போன் போதும்.

முதல் தடவை கேக்கும்போது குரலை விட்டுடுங்க. கஷ்டம்தான், அந்தாள் காதுக்குள்ள வந்து கத்துவார், இருந்தாலும் விட்டுட்டு தொடையில தாளம் போடுங்க. ஒண்ணு ரெண்டு மூணு, ஒண்ணு ரெண்டு மூணு. நம்ம ஊர்ல திஸ்ரம்னு சொல்றோமே அதே தகிட தகிட தான், கொஞ்சம் மெதுவா, சேத்துல கால் வச்சு நடக்கற மாதிரி. முதல் தட்டுல பாரமா ஒரு இடி, அடுத்த ரெண்டும் லேசா. இதை ரெண்டு நிமிஷம் கை பழகிடுச்சுன்னா மத்த எல்லா வெர்ஷனையும் அளக்க உங்க கைல ஒரு அளவுகோல் வந்துடுச்சுன்னு அர்த்தம். யார் இந்த மூணை வச்சுக்கிட்டாங்க, யார் உடைச்சாங்கன்னு பாத்தாலே பாதி விஷயம் புரிஞ்சுடும். இன்னொரு பக்கம் பாட்டு மைனர் ஸ்கேல்ல இருக்கு, அதாவது தமாஷ் பாட்டுன்னு பேர் வாங்கினாலும் எலும்பு மொத்தமும் சோகப் பாட்டோட எலும்பு.

ரெண்டாவது தடவை குரலுக்கு வாங்க. அதுக்கு முன்னாடி கதை கொஞ்சம் தெரிஞ்சிருக்கணும்.

ஜலேசி ஹாக்கின்ஸ், ஒஹாயோ மாநிலத்துல க்ளீவ்லேண்ட்ல 1929-ல பிறந்தவர். அவருக்கு ஆசை ஆப்பரா பாடகர் ஆகணும்னு, பால் ரோப்சன்ங்கற பெரிய பாடகர் மாதிரி கம்பீரமா நின்னு பாடணும்னு. இந்தப் பாட்டை ஓகே லேபிளுக்கு வர்றதுக்கு முன்னாடியே, 1955 கடைசியில கிராண்ட்ங்கற சின்ன லேபிளுக்கு பாடிட்டார், அப்ப அது ஒழுங்கான காதல் தோல்வி பாட்டு. விட்டுட்டுப் போன பொண்ணைப் பாத்து ஏங்கறது, அவ்ளோதான். அடுத்த வருஷம் ஓகேல தயாரிப்பாளர் ஆர்னால்ட் மேக்ஸின் இதை கொஞ்சம் கிறுக்குத்தனமா பண்ணலாமேன்னு நினைச்சு ஸ்டூடியோவுக்கு கறியும் கோழியும் சரக்கும் கொண்டு வந்து இறக்கியிருக்கார். வாசிச்சவங்க யாரும் சில்லறை ஆளுங்க இல்ல, கிட்டார்ல மிக்கி பேக்கர், டெனர் சாக்ஸ்ல சாம் டெய்லர், டிரம்ஸ்ல பனாமா ஃபிரான்சிஸ், நியூயார்க் ஸ்டூடியோக்கள்ல மத்தவங்க பாட்டுக்கு வாசிக்கற செஷன் உலகத்துல பெரிய தலைங்க. எல்லாரும் சாப்டு குடிச்சு ஃபுல் ஆனப்புறம் டேப் ஓட விட்டா வந்ததுதான் இது. ஹாக்கின்ஸ் பின்னாடி பேட்டிகள்ல சொன்னது என்னன்னா, அன்னிக்கு நைட் பாடினது அவருக்கு ஞாபகமே இல்ல, ரெக்கார்ட் வந்தப்புறம் தன் பாட்டை தானே கேட்டு மனப்பாடம் பண்ணித்தான் மேடையில பாடினாராம். முன்னாடி ஒழுங்கா பாடிட்டு இருந்த மனுஷன், அந்த ஒரு ராத்திரிக்கு அப்புறம் அவர் வேலையே கத்தறதுன்னு ஆயிடுச்சு.

அதுக்கு மேல டிஜே ஆலன் ஃப்ரீட் வந்தார். மேடையில சவப்பெட்டிக்குள்ள இருந்து எந்திரிச்சு வந்து பாடினா முன்னூறு டாலர் தர்றேன்னு சொல்லியிருக்கார். முதல்ல முடியாதுன்னவர் அப்புறம் ஒத்துக்கிட்டார், அதோட தலையெழுத்து முடிவாயிடுச்சு. நீள அங்கி, மூக்குல எலும்பு, ரப்பர் பாம்பு, கைல ஒரு தடி, தடி மேல சிகரெட் பிடிக்கற மண்டை ஓடு, அந்த மண்டை ஓட்டுக்கு ஹென்றின்னு பேர் வேற. ராக் உலகத்துல பின்னாடி வந்த பேய் வேஷ கும்பல் எல்லாத்துக்கும் தாத்தா இவர்தான். ஆனா மனுஷன் அதை ரசிச்சாரான்னா, இல்ல. நான் ஒழுங்கா பாடத் தெரிஞ்சவன்யா, என்னைப் பூச்சாண்டி ஆக்கிட்டாங்களேங்கற வருத்தத்தை பேட்டிக்கு பேட்டி சொல்லிட்டே இருந்தார்.

ரெக்கார்ட் வந்தப்ப அந்தக் கடைசி முனகல் எல்லாம் ஆபாசமா இருக்குன்னு நிறைய ரேடியோ ஸ்டேஷன் போட மாட்டேன்னுட்டாங்க, லேபிள் முனகலை வெட்டி ஒரு சைவ வெர்ஷன் விட்டும் பாத்தாங்க, அப்பவும் பருப்பு வேகல. இன்னிக்கு உலகத்துக்கே தெரிஞ்ச இந்தப் பாட்டு அன்னிக்கு பில்போர்ட் பத்திரிகையோட ஹிட் லிஸ்ட்ல ஒரு மூலையில கூட ஏறல. அப்படி ஒரு பாட்டை மத்தவங்க ஏன் திரும்ப எடுத்துப் பாடணும்? இந்தக் கேள்வியை மனசுல வச்சுட்டு இப்ப ரெண்டாவது தடவை கேளுங்க. கத்தலுக்கு நடுவுல அவர் ஒழுங்கா பிடிச்சு நிக்கற சுரம் எத்தனைன்னு எண்ணுங்க. வரி ஆரம்பிக்கும்போது அந்த பாரிட்டோன் குரல், அதாவது கனமான ஆண் குரல், நல்லா முழுசா, ஆப்பரா ஆசைப்பட்ட குரலா வரும், வரி முடியறப்பத்தான் உடைஞ்சு கூச்சலா போகும். அது சும்மா கத்தறது இல்லன்னு அப்பத் தெரியும்.

இப்ப கவர் வெர்ஷனுக்கு, அதாவது மத்தவங்க திரும்ப பாடினதுக்கு, போலாம். ஒவ்வொண்ணுக்கும் நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டுப்பேன், இது சூனியமா, வசியமா? ‘ஸ்பெல்’ங்கற அந்த ஒத்தை வார்த்தைக்கு நம்ம கிட்ட ரெண்டும் இருக்கு, அதுல நமக்கு இங்கிலீஷ்காரனை விட ஒரு வசதி. ஹாக்கின்ஸ் வைக்கறது சூனியம், எலுமிச்சம்பழம் ஊசி குத்தி முச்சந்தியில போடற ரகம், எதிராளி நாசமா போனாலும் பரவால்ல என்கிட்ட இருக்கணும். நீனா சிமோன் வைக்கறது வசியம்.

நீனாவோடது 1965, ஆல்பம் பேரே ‘ஐ புட் எ ஸ்பெல் ஆன் யூ’ தான், பிலிப்ஸ் லேபிள், ஆர்க்கெஸ்ட்ரா ஏற்பாடு ஹால் மூனி. இங்க ஒரு அரை மணி நேரம் ஒதுக்குங்க, அவசரப்பட வேணாம். தொடையில தாளம் போடுங்க, அதே ஒண்ணு ரெண்டு மூணு இருக்கும், ஆனா சேறு போயிடுச்சு, இப்ப அது பளிங்குத் தரையில நடக்கற மாதிரி. வயலின் கூட்டம் பின்னாடி எழும்பும். அந்தம்மா கத்தாது. ஹாக்கின்ஸ் எங்கெல்லாம் உறுமினாரோ அங்கெல்லாம் இவங்க குரலை இறக்கி அமைதியாக்கிடறாங்க, அதுதான் இன்னும் பயமா இருக்கும், வீட்ல அம்மா கத்தினா பரவால்ல, பேசாம இருந்தாத்தானே வயித்தைக் கலக்கும், அது மாதிரி. நடுவுல சாக்ஸபோன் சோலோ ஒண்ணு வரும், அதுக்கப்புறம் நீனா வார்த்தை இல்லாம சாக்ஸோட போட்டி போட்டு பாடுவாங்க. இந்த இடத்தை மூணு தடவை பின்னாடி தள்ளி கேளுங்க. ஏன்னா வார்த்தை இல்லாத இடம் ஒரிஜினல்லயும் இருந்துச்சு, அம்மா வாந்தின்னு சொன்னாங்களே அது. அந்தக் குமட்டல் இருந்த இடத்துலதான் நீனா இந்த ராகத்தை வச்சிருக்காங்கன்னு நான் நினைக்கறேன். அவங்க அதை யோசிச்சு பண்ணாங்களோ இல்லையோ, ரெண்டையும் அடுத்தடுத்து கேட்டா எனக்கு அப்படித்தான் கேக்குது.

இவங்களும் வேற ஒண்ணு ஆக ஆசைப்பட்டவங்கதான், கிளாசிக்கல் பியானோ மேடைக்குப் போகணும்னு வளந்து ஃபிலடெல்ஃபியாவுல கர்ட்டிஸ் இன்ஸ்டிட்யூட்ங்கற இசைப் பள்ளியில இடம் கிடைக்காம போனவங்க. அவர் ஆப்பரா, இவங்க பியானோ. அந்த ஒத்துமையை நான் கண்டுபிடிச்ச அன்னிக்கு நைட் தூக்கம் வரல, கொஞ்சம் ஓவராத்தான் போறேன், விடுங்க. நீனா தன் சுயசரிதைக்கும் இதே பேரைத்தான் வச்சாங்க. இன்னொரு துணுக்கு, பீட்டில்ஸோட ‘மிஷெல்’ பாட்டுல நடுவுல ஐ லவ் யூன்னு மூணு தடவை வருமே, அந்த யோசனை நீனாவோட இந்தப் பாட்டைக் கேட்டுத்தான் வந்துச்சுன்னு ஜான் லெனனே சொல்லியிருக்கார். ரெண்டையும் ஒட்ட வச்சு கேட்டுப் பாருங்க, சட்டுன்னு பிடிபடும்.

நீனாவுக்கு அப்புறம் கண்டிப்பா கேப் விடணும். தண்ணி குடிங்க. உடனே அடுத்ததைப் போட்டா எவ்ளோ நல்லா பாடினவனும் பாவம் அடி வாங்குவான்.

அடுத்து க்ரீடன்ஸ் க்ளியர்வாட்டர் ரிவைவல்ங்கற அமெரிக்க ராக் பேண்ட், 1968, அவங்க முதல் ஆல்பத்துல முதல் பாட்டு. அமெரிக்க லிஸ்ட்ல 58-ம் இடம் வரைக்கும்தான் போச்சு, ஆனா இன்னிக்கு கிட்டார் பழகற பசங்க நிறைய பேருக்கு இந்தப் பாட்டுன்னா இதுதான். இதுல சூனியமும் இல்ல வசியமும் இல்ல, சண்டை. பேண்டோட பாடகர் ஜான் ஃபோகர்ட்டி வாசல்ல நின்னு கதவைத் தட்டற மாதிரி பாடுவார். இதுல குரலை விட கிட்டாரை கவனிங்க, குரல் விட்ட இடத்துல கிட்டார் அழ ஆரம்பிக்கும், சிரிப்புக்கு இதுல இடமே இல்ல. 1969 வுட்ஸ்டாக் இசை விழாவுல நடுராத்திரி தாண்டி இவங்க வாசிச்ச லைவ் பதிவுலயும் இந்தப் பாட்டு இருக்கு, ஸ்டூடியோவை விட முரடா இருக்கும்.

அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே இங்கிலாந்துல ஆலன் பிரைஸ், அனிமல்ஸ் பேண்ட்ல ஆர்கன் வாசிச்சவர், தனியா வந்து 1966-ல இதை பிரிட்டிஷ் லிஸ்ட்ல 9-ம் இடத்துக்கு கொண்டு போனார். ஒரிஜினல் ஏறாத ஏணியில கவர் ஏறுறதை இங்க பாக்கலாம். ஆர்தர் பிரவுன் 1968-ல பண்ணதும் ஆர்கன்தான், கிட்டாரே இல்லாத பேண்ட். தலையில தீ வச்ச தொப்பியும் மூஞ்சி பூரா பெயிண்ட்டும் போட்டு ஆடின ஆள். ஹாக்கின்ஸோட வேஷம், குரல் ரெண்டையும் சேத்து வாங்கிக்கிட்டது இவர்தான்னு தோணும். இந்த ரெண்டையும் ஒரே மூச்சுல கேட்டுடலாம்.

இப்ப அளவுகோலை மறுபடி எடுங்க. சோனிக்கோட டான்ஸ் வெர்ஷன், 1998-ல வந்து 2000-ல மறுபடி விட்டப்ப பிரிட்டன்ல 8-ம் இடம். தொடையில ஒண்ணு ரெண்டு மூணு போடப் பாருங்க, கை இடறும், ஏன்னா அது நாலு நாலா இடிக்கற கிளப் தாளம். மூணு போனா அந்த தள்ளாட்டம் போயிடுது, தள்ளாட்டம் போனா பாட்டுல இருந்த பைத்தியக்காரத்தனமும் போயிடுது, ஆட நல்லா இருக்கும் அவ்ளோதான். அதையே இன்னொருத்தர் கில்லாடித்தனமா பண்ணார், ராப் பாடகர் நொட்டோரியஸ் பிக்-கோட ‘கிக் இன் த டோர்’ 1997, டிஜே ப்ரீமியர் தயாரிப்பு. அது கவர் இல்ல, ஹாக்கின்ஸ் ரெக்கார்ட்ல இருந்து அந்த ஹார்ன்ஸ் துண்டை வெட்டி எடுத்து நாலு தாளத்துக்குள்ள சொருகியிருக்கார். முதல்ல ஒரிஜினலை தொடை தட்டி கேட்டிருந்தீங்கன்னா இதைக் கேட்ட முதல் செகண்டே "டேய்"ன்னு கத்துவீங்க. நான் பஸ்ல கத்திட்டேன், பக்கத்து சீட்டு தாத்தா ஒரு மாதிரி பாத்தார்.

மிச்சம் இருக்கறதை ரெண்டு கூடையா பிரிச்சுக்கோங்க. ஒண்ணு வேஷத்தைப் பிடிச்சவங்க: ‘ஹோக்கஸ் போக்கஸ்’ படத்துல 1993-ல பெட் மிட்லர் சூனியக்காரியா வந்து ஹாலோவீன் பார்ட்டியில பாடறது, வரிகளை கதைக்குத் தகுந்த மாதிரி மாத்தியிருப்பாங்க, தமாஷ் பாட்டு மறுபடி தமாஷுக்கே திரும்பிப் போன இடம் இது. மர்லின் மேன்சன் 1995-ல போட்டது அதே வேஷம் ஆனா சிரிப்பைக் கழிச்சு. இன்னொரு கூடை காதலைப் பிடிச்சவங்க: பிரையன் ஃபெர்ரி 1993, ஜெஃப் பெக் கிட்டார்ல ஜோஸ் ஸ்டோன் 2010, ஆனி லெனக்ஸ் 2014. நடாஷா அட்லஸ் 2001-ல பாடினது எந்தக் கூடையிலயும் அடங்காது, அரபு பாணியில இருக்கும், தனியா வச்சு கேளுங்க. ஆனி லெனக்ஸை பத்தி நான் சொன்னா சண்டைக்கு வருவீங்க, இருந்தாலும் சொல்றேன், ஆல்பத்துல பாடினது துடைச்சு வச்ச வெள்ளித் தட்டு மாதிரி ரொம்ப சுத்தமா இருக்கு, எனக்கு ஒட்டல. ஆனா 2015 கிராமி விழாவுல ஹோஸியரோட பாட்டு முடிஞ்ச கையோட இவங்க அதே மேடையில இதைப் பாடின வீடியோவைப் பாருங்க, அறுபது வயசு அம்மா, மேடையைக் கிழிச்சுட்டாங்க. அதனால ஸ்டூடியோ பிடிக்கலன்னா லைவ் தேடாம ஆளைத் தள்ளிடாதீங்க.

இன்னும் வேணும்னா செகண்ட்ஹேண்ட்சாங்ஸ்னு ஒரு தளம் இருக்கு, ஒரு பாட்டை யார் யார் எந்த வருஷம் பாடினாங்கன்னு வரிசையா போட்டிருப்பாங்க, சாம்பிள் (பழைய ரெக்கார்ட்ல இருந்து வெட்டி எடுத்த துண்டு) தேட ஹூசாம்பிள்ட், லேபிளும் வருஷமும் சரிபாக்க டிஸ்காக்ஸ். தேடும்போது இசையமைப்பாளர் பேர்ல ஹாக்கின்ஸ் இருக்கான்னு பாத்துக்கோங்க, கூடவே ஹெர்ப் ஸ்லாட்கின்னு ஒரு பேர் வரும், அது அந்த கிராண்ட் லேபிள்காரர். ஹாக்கின்ஸ் பேரே இல்லன்னா அது தலைப்பு மட்டும் ஒண்ணா இருக்கற வேற பாட்டு. நான் இப்படித்தான் ஒரு தடவை சம்பந்தமே இல்லாத ஒரு பாட்டை மூணு நாள் கவர்னு நினைச்சு ஆராய்ச்சி பண்ணிட்டு இருந்தேன்.

படம் பாக்கறவங்களா இருந்தா இயக்குனர் ஜிம் ஜார்முஷோட ‘ஸ்ட்ரேஞ்சர் தேன் பேரடைஸ்’, 1984. ஹங்கேரியில இருந்து வந்த ஒரு பொண்ணு நியூயார்க் தெருவுல சின்ன டேப் ரெக்கார்டர்ல இந்தப் பாட்டைப் போட்டுட்டே நடந்து போகும், அவளுக்கு இது உயிர், வீட்ல இருக்கற சொந்தக்காரனுக்கு இது தலைவலி. அப்புறம் அவ போய்ச் சேர்ற ஊர் க்ளீவ்லேண்ட், ஹாக்கின்ஸ் பிறந்த ஊரு. அடுத்து 1989-ல ‘மிஸ்டரி டிரெயின்’ எடுத்தப்ப ஜார்முஷ் ஹாக்கின்ஸையே கூப்ட்டு செவப்பு சூட் போட்டு ஹோட்டல் ரிசப்ஷன்ல உக்கார வச்சுட்டார். அங்கியும் இல்ல ஹென்றியும் இல்ல, மனுஷன் சும்மா உக்காந்திருப்பார், அதுவே அள்ளும்.

கடைசியா ப்ளேலிஸ்ட் விஷயம். ஷஃபிள் ஆஃப் பண்ணுங்க, ஒரு பாட்டு முடியறதுக்குள்ள அடுத்தது கலந்து வர்ற அந்த கிராஸ்ஃபேட் செட்டிங்கையும் ஆஃப் பண்ணுங்க, இல்லன்னா ஹாக்கின்ஸோட கடைசி முனகல் மேல அடுத்த ஆளோட வயலின் ஏறி உக்காந்துடும். மொத்தமா ஆறு ஏழு போதும். ஹாக்கின்ஸ், நீனா, ஒரு இடைவெளி, க்ரீடன்ஸ், ஆர்தர் பிரவுன், பிக், லெனக்ஸ் லைவ். அப்புறம் முதல்ல போட்ட ஹாக்கின்ஸையே மறுபடி கடைசியில போடுங்க, இதை மட்டும் ஸ்கிப் பண்ணிடாதீங்க, நீனாவைக் கேட்ட காதோட திரும்ப இங்க வந்தா அந்தக் கத்தலுக்கு அடியில 1955-ல அவர் பாட நினைச்ச பாட்டு மெல்லிசா கேக்கும்.

அம்மாவையும் அப்படித்தான் உக்கார வச்சேன், ஒரு முழு சுத்து. ஹாக்கின்ஸ் ரெண்டாவது தடவை வந்தப்ப வாந்தின்னு சொல்லல. கண்ணை மூடி தலையை ஆட்டிட்டு இருந்தாங்க, சரி மனசு இளகிடுச்சு போலன்னு நினைச்சேன், பாட்டு முடிஞ்சதும் கண்ணைத் திறந்து "இந்தாளு நல்லா குடிச்சுட்டுத்தானேடா பாடறான்"னு கேட்டாங்க. ஸ்டூடியோ கதையை நான் அவங்ககிட்ட சொல்லவே இல்ல.